கிட்னி கொடுக்க எப்போதும் அம்மாதானா?

"டயாலிசிஸ்லயே காலத்தை ஓட்ட வேணாம். டிரான்ஸ்பிளான்ட் பண்ணிடலாம். வீட்டுல யார் குடுக்கறீங்க?"

சிறுநீரக மருத்துவரின் அறையில் இந்தக் கேள்வி வருவதற்குள் குடும்பமே களைத்துப் போயிருக்கும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்ட வாழ்க்கை. வேலை போயிருக்கும், அல்லது போகும் நிலையில் இருக்கும். கேள்வியைக் கேட்டதும் நோயாளி தரையைப் பார்ப்பார். அண்ணன் செல்போனைப் பார்ப்பார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு சுகர் இருக்குங்களே டாக்டர்" என்பார். அதற்குள் பின்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்துவிடும்.

"நான் குடுக்கறேன் சார். எனக்கு இனிமே எதுக்கு ரெண்டு?"

அம்மா. கல்யாணம் ஆனவராக இருந்தால் மனைவி. தமிழ்நாட்டில் மாற்று சிகிச்சை நடக்கும் எந்த மருத்துவமனையின் ஓ.பி.யிலும் சின்னச் சின்ன மாற்றங்களோடு அடிக்கடி நடக்கும் காட்சிதான் இது. சொன்னவுடன் அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தேசிய உறுப்பு மாற்று அமைப்பான 'நோட்டோ'வின் கணக்கு இது. 2019 முதல் 2023 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுத்தவர்கள் 56,509 பேர். கிட்னியும் கல்லீரலும் சேர்ந்த கணக்கு. அவர்களில் 36,038 பேர் பெண்கள். உறுப்பைப் பெற்றுக்கொண்டவர்கள் பக்கம் திரும்பினால் படம் அப்படியே தலைகீழ். பத்தில் ஏழு பேர் ஆண்கள்.

நோய் ஆண்களுக்கு மட்டும் வருவதில்லை. பெண்களுக்கும் கிட்னி செயலிழக்கிறது. ஆனால், கொடுப்பதற்கு நிற்கும் வரிசையும் வாங்குவதற்கு நிற்கும் வரிசையும் ஒன்றாக இல்லை.

பாரிஸில் ஓர் அம்மா, பாஸ்டனில் ஓர் அண்ணன்

இந்தக் கதை தொடங்கியதே ஓர் அம்மாவிடம்தான். 1952-ம் ஆண்டு, பாரிஸ். சாரத்திலிருந்து கீழே விழுந்த 16 வயதுத் தச்சுத் தொழிலாளி ஒருவனின் கிட்னி சிதைந்துபோனது. உயிர் பிழைக்க அதை அகற்றினார்கள். அதன்பிறகுதான் தெரிந்தது, அவன் பிறந்ததே ஒற்றைக் கிட்னியோடு. "என்னுடையதை எடுத்து வையுங்கள்" என்று மருத்துவர்களிடம் மன்றாடினார் தாய். நெக்கர் மருத்துவமனையில் கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்த ஆபரேஷன் நடந்தது. அம்மாவின் கிட்னி மகனுக்குள் மூன்று வாரம் வேலை செய்தது. பிறகு அவன் உடல் அதை ஏற்கவில்லை. பையன் இறந்துபோனான். உறவினர் ஒருவர் உயிரோடு இருந்து கிட்னி கொடுத்த முதல் நிகழ்வாக மருத்துவ வரலாறு குறித்து வைத்திருப்பது இதைத்தான்.

வெற்றி அடுத்த இரண்டே ஆண்டுகளில் வந்தது. 1954 டிசம்பர் 23, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ரொனால்டு ஹெரிக், தன் இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குக் கிட்னி கொடுத்தார். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் உடல் அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. அறுவை சிகிச்சை செய்த ஜோசப் முர்ரேவுக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. குணமான ரிச்சர்டு, தன்னைக் கவனித்துக்கொண்ட நர்ஸையே திருமணம் செய்துகொண்டு, இரண்டு குழந்தைகளுக்குத் தந்தையாகி, எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்த ரொனால்டு? கணக்கு ஆசிரியராக வேலை பார்த்து, 2010-ல் 79 வயதில்தான் காலமானார். 'ஒரு கிட்னியோடு வாழ முடியுமா' என்ற கேள்விக்கு உலகம் முதலில் பார்த்த பதில் அவர்தான். அவர் ஓர் ஆண் என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் முதல் வெற்றிகரமான கிட்னி மாற்று அறுவை சிகிச்சை நடந்தது 1971-ல். இடம், நம் வேலூர் சி.எம்.சி.

'அவர் சம்பாதிக்கிறவர்'

ஆண்கள் ஏன் கொடுப்பதில்லை என்று கேட்டால், எல்லா வீட்டிலும் முதலில் வரும் பதில், "அவர் படுத்துட்டா அடுப்பு எரியாது" என்பதுதான். இதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளிவிட முடியாது. லாரி ஓட்டுகிறவர், தறி ஓட்டுகிறவர், கொத்தனார் வேலைக்குப் போகிறவர் வீட்டில் சம்பளத்தோடு விடுப்பு என்ற ஒன்றே கிடையாது. ஆனால், எத்தனை நாள் படுக்க வேண்டும் என்று யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா?

கொடுப்பவருக்கு இப்போது பெரும்பாலும் லேப்ராஸ்கோபி முறையில்தான் ஆபரேஷன். மூன்று முதல் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில். உட்கார்ந்து பார்க்கும் வேலை என்றால் ஒரு மாதத்தில் திரும்பிவிடலாம். பளு தூக்கும் வேலை என்றால் இரண்டு மாதம் வரை ஆகலாம். மத்திய அரசு ஊழியர் உறுப்பு கொடுத்தால் 42 நாள் சிறப்பு விடுப்பு உண்டு. அரசு வேலையில் இருக்கும் மகன்களும் அண்ணன்களும் இதைத் தெரிந்துவைத்திருக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு 42 நாள் விடுப்பு தருவது யார்? ஆறு வாரத்துக்கு அவர் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூடாது. ஈரத் துணி நிறைந்த வாளியை மாடிக்கு ஏற்றக் கூடாது. 'சம்பாதிக்காதவர்' என்று கணக்குப் போட்டு அனுப்பியவர்களுக்கு, அவர் செய்துகொண்டிருந்த வேலையின் எடை அப்போதுதான் தெரியும். சில வீடுகளில் அப்போதும் தெரிவதில்லை. பத்தாவது நாளே சமையலறையில் நிற்பார்.

சுகர், பி.பி. காரணமாக ஆண்கள் பலர் பரிசோதனையிலேயே தள்ளுபடி ஆகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால், அதே சுகரும் பி.பி.யும் பெண்களுக்கும் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், ஆண் தனக்கு சுகர் இருப்பதை முன்கூட்டியே சொல்லி விலகுகிறார். பெண், டெஸ்ட் ரிப்போர்ட் வந்த பிறகு, "பரவாயில்ல டாக்டர், மாத்திரை போட்டுக்கறேன், எடுத்துக்கோங்க" என்கிறார்.

ரத்தத்தில் இருக்கும் ஒரு காரணம்

எல்லாமே மனிதர்களின் மனசு மட்டும் அல்ல. மனைவிக்குக் கிட்னி கெட்டுப்போய், கணவர் மனதாரக் கொடுக்க முன்வந்தும் முடியாமல் போவதுண்டு. அதற்குக் காரணம் அவர்கள் பெற்ற பிள்ளைகள்.

கருவில் வளரும் குழந்தையில் பாதி அப்பாவுடையது. அந்தப் பாதியைத் தாயின் உடல் பார்த்துப் பழகும்போது, சில பெண்களுக்கு அதற்கு எதிரான ஆன்டிபாடிகள் உருவாகிவிடுகின்றன. குழந்தைக்கு அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால், இருபது ஆண்டு கழித்து அதே கணவரின் கிட்னியை வைக்கலாம் என்று 'கிராஸ்மேட்ச்' பரிசோதனை செய்தால், பழைய நினைவு விழித்துக்கொள்கிறது. ரத்த வகை பொருந்தியும் கிட்னி பொருந்தாது. பெற்ற மகனோ மகளோ கொடுக்க வந்தாலும் இதே சிக்கல் வரலாம். கணவருக்கு மனைவி கொடுக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. அவர் பிள்ளை சுமந்ததில்லையே!

ரத்தம் ஏற்றிக்கொள்வதும் இதே ஆன்டிபாடிகளைத் தூண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தசோகை சகஜம். உடம்பு வெளுத்துவிட்டதே என்று வீட்டார் அவசரப்பட்டு 'ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்திடுங்க' என்று கேட்பதுண்டு. மாற்று அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு இருக்கிறவர் என்றால், முடிந்தவரை எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும்தான் வழி. ரத்தம் ஏற்றியே ஆக வேண்டுமா என்று ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஆக, ஒரு பெண்ணுக்குக் கிட்னி தேவைப்பட்டால் உறவில் கொடுப்பவர் கிடைப்பது இயற்கையாகவே கொஞ்சம் கடினம். இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருக்கும் பட்டியலில் பெண் நோயாளிகளுக்கு முன்னுரிமை தரலாம் என்று 2025 ஆகஸ்ட்டில் நோட்டோ மாநிலங்களுக்குச் சொன்னதைச் சலுகையாகப் பார்க்க வேண்டியதில்லை.

கொடுப்பவருக்கு உண்மையில் என்ன ஆகும்?

"ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி அழைத்து வருபவர்களும் தப்பு. "ஒரு கிட்னி போச்சுன்னா பாதி உசுரு போச்சு" என்று பயமுறுத்தும் பக்கத்து வீட்டுக்காரரும் தப்பு. இரண்டுக்கும் நடுவில்தான் உண்மை இருக்கிறது.

பெரும்பாலும் எடுப்பது இடது கிட்னியை. அதன் ரத்தக்குழாய் நீளம் என்பதால் இன்னொருவருக்குத் தைத்து இணைக்க வசதி. அதை வாங்குபவரின் அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டி வைக்கிறார்கள். அவருடைய பழைய கிட்னிகளைப் பொதுவாக எடுப்பதில்லை, அவை அப்படியே இருக்கும். கொடுத்தவரிடம் மிச்சமிருக்கும் ஒற்றைக் கிட்னி சில வாரங்களிலேயே கொஞ்சம் பெரிதாகி, முன்பு இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் முக்கால் பங்குக்கு அருகில் செய்யத் தொடங்கிவிடும். அன்றாட வாழ்க்கைக்கு அது போதும்.

ஆபரேஷனின் மறுநாள் ஒரு விசித்திரம் நடக்கும். வாங்கியவர் பல மாதம் கழித்துத் தெளிந்த முகத்தோடு இருப்பார். கொடுத்தவர் நேற்றுவரை நன்றாக இருந்தவர், இன்று வலியில் சுருண்டிருப்பார். வயிற்றுக்குள் செலுத்திய வாயுவினால் தோள்பட்டைகூட வலிக்கும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆப்பிள் பையோடு வாங்கியவரின் அறைப் பக்கம்தான் போவார்கள். கொடுத்தவரிடம் அன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து பேசினாலே பெரிய விஷயம்.

ஆபத்தைக் கணக்காகச் சொன்னால், கிட்னி கொடுக்கும் அறுவை சிகிச்சையால் உயிரிழப்பது, அமெரிக்காவில் 2010-ல் வெளியான பெரிய ஆய்வின்படி பத்தாயிரம் பேரில் சுமார் மூன்று பேர். அதன்பிறகு அது இன்னும் குறைந்திருக்கிறது. நீண்ட காலக் கணக்கு 2014-ல் வந்தது. கிட்னி கொடுத்த பத்தாயிரம் பேரில், வாழ்நாளில் தங்கள் கிட்னியே செயலிழக்கும் வாய்ப்பு சுமார் 90 பேருக்கு. அதே அளவு ஆரோக்கியத்தோடு இருந்து, கிட்னி கொடுக்காதவர்களில் இது 14 பேர். பரிசோதித்துத் தேர்ந்தெடுக்காத பொதுமக்களை எடுத்துக்கொண்டால் 326 பேர். அதாவது, ஊரில் பொதுவாக இருக்கும் ஆபத்தைவிடக் கொடுத்தவருக்கு ஆபத்து குறைவு. ஆனால், கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் குறைவாக இருந்திருக்கும். இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இன்னும் பிள்ளை பெற வேண்டிய வயதில் இருக்கும் மனைவியோ தங்கையோ கொடுக்க முன்வந்தால், கூடுதலாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 2015-ல் வெளியான கனடா ஆய்வில், கிட்னி கொடுத்த பிறகு கருவுற்ற பெண்களில் 11 சதவிகிதம் பேருக்குக் கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்போ, அதன் கடுமையான வடிவமோ வந்தது. கொடுக்காத பெண்களில் அது 5 சதவிகிதம். குழந்தைகள் நலமாகவே பிறந்தன. ஆனால், 'உனக்குப் பிறகு ஒன்றும் பிரச்னை வராது' என்று மாமியார் வீடு உறுதி கொடுக்க முடியாது.

'முடியாது' என்று சொல்ல ஓர் அறை

1994-ல் வந்து, 2011-ல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய உறவினர் யார் என்று பட்டியல் போட்டிருக்கிறது. கணவன், மனைவி, அப்பா, அம்மா, மகன், மகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி. மற்றவர்கள் கொடுக்க வேண்டுமென்றால் அனுமதிக் குழுவின் முன் நிற்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் உயிரோடு இருக்கும்போது கொடுக்க முடியாது.

2014-ம் ஆண்டு விதிகளில் ஒரு சின்னப் பிரிவு இருக்கிறது. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அவர் யார் என்பதையும், சுயமாகத்தான் சம்மதிக்கிறாரா என்பதையும், உறுப்பைப் பெறப்போகிறவர் அல்லாத இன்னொருவர் மூலம் உறுதிசெய்ய வேண்டும். நம் வீடுகளில் 'சம்மதம்' எப்படி வாங்கப்படுகிறது என்பதைத் தெரிந்த யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார்.

யாரும் மிரட்டியிருக்க மாட்டார்கள். "நீதான் முடிவு பண்ணணும்மா" என்றுதான் சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் நல்ல மருத்துவமனைகளில் கொடுப்பவரைத் தனியாக, குடும்பத்தார் இல்லாமல், உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அப்போது அவர் 'எனக்குப் பயமா இருக்கு, வேண்டாம்' என்றால், வெளியே வந்து "இவங்க கிட்னி பொருந்தாது, வேற ஆள் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்வதுண்டு. உலகம் முழுக்க மாற்று சிகிச்சை மையங்களில் புழங்கும் பழக்கம் இது. அது பொய் ஆகாதா என்று மருத்துவ அறவியலாளர்கள் விவாதிக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பி அதே மனிதர்களோடு வாழ வேண்டியவருக்கு, அந்த ஒரு வரி கொடுக்கும் பாதுகாப்பு சின்னதல்ல. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் வரை எந்த நிமிடமும் மனம் மாற்றிக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

வேறு வழிகள்

அம்மாவின் ரத்த வகை பொருந்தாதபோதுதான் மற்ற வழிகளைப் பற்றி வீடு விசாரிக்கத் தொடங்கும். முதல் நாளே விசாரிக்கலாம்.

ஒன்று, 'ஸ்வாப்'. ஒரு வீட்டில் கணவருக்கு ஏ வகை, கொடுக்க வந்த மனைவிக்கு பி வகை. இன்னொரு வீட்டில் கணவருக்கு பி, மனைவிக்கு ஏ. இந்த வீட்டு மனைவி அந்த வீட்டுக் கணவருக்கும், அந்த வீட்டு மனைவி இந்த வீட்டுக் கணவருக்கும் கொடுப்பது. 2011 திருத்தம் இதைச் சட்டபூர்வமாக்கியது. ஒருவர் வாங்கிக்கொண்டு பின்வாங்கிவிடக் கூடாது என்பதால் வழக்கமாக எல்லா ஆபரேஷனையும் ஒரே நாளில் செய்துவிடுகிறார்கள். ரத்த வகை பொருந்தாவிட்டாலும், ஆன்டிபாடிகளை வடிகட்டிவிட்டுச் செய்யும் முறையும் இருக்கிறது. செலவு கூடும், தொற்று அபாயமும் கூடும்.

இன்னொன்று, மூளைச்சாவு அடைந்தவர்களின் தானம். இதில் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வரலாறு உண்டு. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அவனுடைய இதயம் சென்னைச் சாலையில் போக்குவரத்தை நிறுத்திக் கொண்டுசெல்லப்பட்டதை ஊரே பார்த்தது. உறுப்பு தானத்துக்கான அரசு நடைமுறைகளும் அதே ஆண்டில்தான் வடிவம் பெற்றன. 2014-ல் 'டிரான்ஸ்டான்' என்ற தனி ஆணையம் வந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024-ல் மட்டும் மாநிலத்தில் 268 பேரின் குடும்பங்கள் தானத்துக்குச் சம்மதித்தன.

மூளைச்சாவு என்பது கோமா அல்ல. கோமாவிலிருந்து மீளலாம். மூளைத்தண்டே செயலிழந்த பிறகு மீள முடியாது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துத்தான் அறிவிக்க முடியும். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இதை நம்புவது எளிதல்ல. சம்மதித்தவர்கள் அதைக் கடந்து வந்தவர்கள்.

மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து இரண்டு கிட்னிகள் கிடைக்கின்றன. இரண்டு வீடுகளில் இரண்டு அம்மாக்கள் ஆபரேஷன் டேபிளில் படுக்க வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். சாலை விபத்துகளில் தலையில் அடிபடுபவர்கள் அதிகம் ஆண்கள் என்பதால், இந்த வகையில் கொடுப்பவர்களில் ஆண்கள்தான் பெரும்பான்மை. உயிரோடு இருக்கும்போது பெண், இறந்த பிறகு ஆண். கசப்பான கணக்குதான்.

உறவில் கொடுக்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டயாலிசிஸ் தொடங்கியதுமே மாற்று சிகிச்சை செய்யும் மருத்துவமனை வழியாக டிரான்ஸ்டானில் பதிந்துவிடுவது நல்லது. வரிசை ரத்த வகைப்படி நகரும். ஓ வகைக்காரர்களுக்குக் காத்திருப்பு அதிகம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் கிட்னி மாற்றும் அடங்கும்.

விலை பேசும் இடத்திலும் அதே வாக்கியம்

வழி இல்லை என்று தோன்றும்போது புரோக்கர் வருவார். அவர் வருவது இரண்டு வீட்டுக்கு. ஒன்று, கிட்னி தேவைப்படும் வீடு. இன்னொன்று, கடன் கழுத்தை நெரிக்கும் வீடு. எண்பது, தொண்ணூறுகளில் சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்றே பெயர் விழுந்தது. சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பகுதியின் விசைத்தறித் தொழிலாளர்கள். இடம்தான் மாறுகிறது.

சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைச் சந்தித்து, 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 96 சதவிகிதம் பேர் விற்றது கடனை அடைக்க. கைக்கு வந்த பணம் சராசரியாக 1,070 டாலர், பேசியதைவிடக் குறைவு. விற்று சராசரியாக ஆறு ஆண்டு ஆன பிறகு பார்த்தபோது, முக்கால்வாசிப் பேர் இன்னும் கடனில் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு சரிந்திருந்தது. 86 சதவிகிதம் பேர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள்.

விற்றவர்களில் 71 சதவிகிதம் பேர் பெண்கள். 'நீங்கள் ஏன், உங்கள் கணவர் ஏன் இல்லை' என்று கேட்டபோது, திருமணமான பெண்கள் அதிகம் சொன்ன பதில்கள் இரண்டு. அவர் சம்பாதிக்கிறவர். அவருக்கு உடம்பு சரியில்லை. மருத்துவரின் அறையில் கேட்ட அதே வாக்கியங்கள்.

உறுப்பு வியாபாரத்துக்கு இப்போது ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

கேள்வியே வராமல் தள்ளிப்போட

யார் கொடுப்பது என்ற கேள்வி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கிட்னி சைகை காட்டத் தொடங்கியிருக்கும். வலிக்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை. சுகரோ பி.பி.யோ இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு டெஸ்ட் எடுத்தால் போதும். சிறுநீரில் அல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின். முதலில் தெரிவது சிறுநீரில்தான். கிரியாட்டினின் ஏறும்போது கிட்னியின் கணிசமான பகுதி போயிருக்கும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால், பி.பி.யைக் கட்டுக்குள் வைத்து, டாபாகிளிஃப்ளோசின் போன்ற மருந்துகளால் டயாலிசிஸைப் பல ஆண்டு தள்ளிப்போட முடிகிறது. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரைகளும், என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத பொடி, லேகியங்களும் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கின்றன.

டயாலிசிஸில் இருப்பவர் வீட்டில் சமையலே மாறிவிடும். நம் ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இளநீரோடு போய் நிற்போம். கிட்னி செயலிழந்தவருக்கு அது ஆபத்து. இளநீரில் பொட்டாசியம் அதிகம், அதை வெளியேற்ற கிட்னி இல்லாதபோது இதயத் துடிப்பே தடுமாறலாம். வாழைப்பழமும் அப்படித்தான். காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கிடையாது. உப்பைக் குறைக்கிறேன் என்று 'லோ சோடியம்' உப்பு வாங்கிவிடக் கூடாது, பலவற்றில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம்தான். ஃபிஸ்டுலா போட்ட கையில் பி.பி. பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடக் கூடாது. தினமும் அந்த இடத்தில் விரலை வைத்தால் ஒரு 'விர்ர்' அதிர்வு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அன்றே ஆஸ்பத்திரி. வயிறு வழியாகச் செய்யும் டயாலிசிஸ் என்றால் வீட்டிலேயே செய்யலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகள் வீட்டுக்கே வருகின்றன.

மாற்று சிகிச்சை முடிந்துவிட்டால் இந்தப் பத்தியம் தளரும். ஆனால், மாத்திரை வாழ்நாள் முழுக்க. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள்தான், 'இது உன்னுடையது அல்ல' என்று உடல் கண்டுபிடிக்காமல் பார்த்துக்கொள்கின்றன. காலை எட்டு, இரவு எட்டு என்றால் அந்த நேரத்துக்குப் போட வேண்டும். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும், ரத்தம் கொடுத்த பிறகு காலை மாத்திரை. பம்பளிமாஸ் பழம் அந்த மருந்தின் அளவைத் தாறுமாறாக்கும் என்பதால் வேண்டாம். இரண்டு, மூன்று ஆண்டு நன்றாக ஓடிய பிறகு, 'அதான் நல்லா இருக்கேனே' என்று சிலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். இளைஞர்கள்தான் அதிகம். அம்மாவின் கிட்னி அப்படிப் போனால், இரண்டாவது முறை கொடுக்க அவரிடம் ஒன்றும் இல்லை.

வாங்கியவருக்கு ஒரு ஃபைல் இருக்கும். தேதி வாரியாக ரிப்போர்ட்கள், ஒவ்வொன்றிலும் கிரியாட்டினினைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். கொடுத்தவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பி.பி., சிறுநீரில் அல்புமின், கிரியாட்டினின் பார்க்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் செய்யும்போது சொல்லித்தான் அனுப்புகிறார்கள். முதல் ஆண்டு போவார். இரண்டாம் ஆண்டு, "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன், அந்தக் காசுக்குப் பையனுக்கு மாத்திரை வாங்கலாம்" என்பார். மகனுக்கு ரத்தம் எடுக்கப் போகும் அதே நாளில், அதே லேபில், பக்கத்து நாற்காலியில் அவரையும் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னால் வேலை முடிந்தது. கூடுதலாக ஆவது பத்து நிமிடம்.